பல்லாண்டு ரைப்புல்: அதன் இயல்பும் இனவிருத்தியும்

நம்மவர் பேச்சிலே புல்லுக்கு மதிப்பு மிகவும் குறைவு. அற்பனைப் புல்லன் என்கிறோம். இழிவைப் புன்மை என்கிறோம். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது பழமொழி. ஆயினும், அப்புலிக்கு இரையாகும் மான் புல்லைத் தின்றே கொழுத்தது என்பதைப் பழமொழி கூறாமல் விட்டது. நாம் உண்ணும் நெல்லும், கேழ்வரகும், கம்பும், சோளமும், கோதுமையும், கரும்பும் யாவும் புல்லினத்தைச் சார்ந்தனவே. புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அக்கணக்கின்படி தெங்கும் பனையுங்கூடப் புல்லாகிவிடும். இக்காலத் தாவர நூலார் பனையையும் தெங்கையும் நீக்கி, மூங்கிலை மட்டும் புற்குடும்பத்தில் நிறுத்திக்கொண்டனர். இக்குடும்பத்தில் ஏறக்குறைய 12,000 இனங்கள் உள. அவற்றுள் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். அது மனிதன் உண்பதன்று. ஆடும் மாடும் உண்பது. எனினும் அறிஞர் பலர் தம் வாழ்நாள் முழுவதையும் அதன் ஆராய்ச்சியிலே செலவிட்டிருக்கின்றனர்.

லோலியம் பெரென்னே என்று 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்ட இப்புல்லை ஆங்கிலர் ரைப்புல் என்பர். ரை என்னும் தானியத்தோடு இதற்கு நேரான உறவு இல்லை. பழைய நூல்களில் இதன் பெயர் ரேப்புல் என்றே காணப்படுகிறது. ஓராண்டிலோ ஈராண்டிலோ மடியும் இத்தாலிய ரைப்புல்லினின்றும் பிரித்தறியும் பொருட்டு இதனைப் பல்லாண்டு ரைப்புல் என்கிறோம். ஐரோப்பா, மேற்காசியா, வடஆப்பிரிக்கா ஆகியவை இதன் தாயகம். குளிர்ந்த காற்றும் அடிக்கடி பெய்யும் மழையும் இதற்கு உகந்தவை. நம் சமவெளிகளின் கோடை இதனைக் கருக்கிவிடும். அறுகு தழைக்குமிடத்தில் இது தழையாது. ஆனால் பிரிட்டன், அயர்லாந்து, நியூஸிலாந்து முதலிய நாடுகளில் பாலும், வெண்ணெயும், ஆட்டிறைச்சியும், கம்பளமும் பெரும்பாலும் இப்புல்லினின்றே பிறக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

பார்வைக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. இலையின் மேற்பரப்பு வரிவரியாயும், கீழ்ப்பரப்பு எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பாயும் இருக்கும். தூரின் அடி பெரும்பாலும் செந்நீலச் சாயல் கொண்டிருக்கும். இளவிலை உறைக்குள் இருக்கும்போது நடுவில் மடிந்திருக்கும். இத்தாலிய வகையிலோ சுருண்டிருக்கும். இவ்வொரு குறியைக் கொண்டே இரண்டையும் கதிர் வருமுன் பிரித்தறியலாம். கதிரிலே சிறுகதிர்கள் தண்டின் இருமருங்கும் மாறிமாறி, விளிம்பு தண்டைத் தொடுமாறு ஒட்டி நிற்கும்.

ஆடு மேய மேய இப்புல் அழியாமலிருப்பது எவ்வாறு? வளரும் நுனியைத் தலையிலே தாங்கும் செடியை ஆடு கடித்தால் அதன் வளர்ச்சி அவ்வளவோடு தடைப்படும். ரைப்புல்லின் வளர்நுனியோ கதிர் விடும் காலம் வரையில் மண்ணை ஒட்டி, இலையுறைகளின் நடுவே ஒளிந்திருக்கிறது. ஆட்டின் பல்லுக்கு எட்டுவது இலையே, குருத்து எட்டாது. ஒவ்வொரு தூரும் ஒரு காலத்தில் ஏறக்குறைய மூன்று உயிருள்ள இலைகளையே தாங்கும். நான்காவது இலை விரியும்போது முதலிலை பழுத்து மடிந்துவிடும். ஆகவே மூன்றிலைப் பருவம் கடந்தபின் புல்லை மேயாது விட்டால், முன்னே வளர்வது பின்னே அழுகுவதற்குச் சரியாகிவிடும். இரண்டிலைக்கு முன்னே மேய்த்தால், அடியிற் சேமித்த சர்க்கரை தீர்ந்து தூர் மெலியும். மேய்ச்சல் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து மந்தையை முறைமாற்றி விடும் அந்நாட்டு உழவர் இவ்விலைக் கணக்கையே நாட்காட்டியாகக் கொண்டுள்ளனர்.

இனவிருத்தி செய்வோனுக்கு இடர் பூவிலே தொடங்குகிறது. குளிர்காலத்தின் கடுமையைக் கடந்து, பகற்பொழுது நீண்ட பின்னரே ரைப்புல் கதிர் விடும். ஒவ்வொரு பூவிலும் மூன்று மகரந்தப் பைகளும் இறகு போன்ற இரு சூல்முடிகளும் உள. மகரந்தம் காற்றிற் பறந்து செல்கிறது. வண்டையோ தேனீயையோ இப்புல் நம்புவதில்லை. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருந்தும் இப்புல் தன் மகரந்தத்தால் தான் கருவுறுவது மிக அரிது. தன் மகரந்தத்தை அது எவ்வாறு அடையாளம் கண்டு தள்ளுகிறது? 1950களில் ஸ்வீடன் நாட்டு லுண்ட்குவிஸ்ட் ரைத் தானியத்திலும், ஆஸ்திரேலியாவில் ஹேமன் மற்றொரு புல்லிலும் கண்ட விதியே ரைப்புல்லுக்கும் உரியது என்பதைக் கார்னிஷ், ஹேவர்டு, லாரன்ஸ் ஆகிய மூவரும் 1979இல் நிறுவினர்.

அவ்விதி வருமாறு. எஸ் என்றும் இஸட் என்றும் பெயரிட்ட இரண்டு ஜீன் இடங்கள் வெவ்வேறு நிறக்கோல்களில் இருக்கின்றன. ஒவ்வோரிடத்திலும் வரக்கூடிய வடிவங்கள் மிகப் பல. செடி ஒவ்வோரிடத்திலும் இரண்டு வடிவங்களை ஏந்தும். மகரந்தத் தூள் ஒவ்வொன்றே ஏந்தும். சூல்முடியின்மீது விழுந்த தூளின் எஸ் வடிவமும் இஸட் வடிவமும் ஆகிய இரண்டும் அச்செடியில் உள்ளவையாயின், தூள் முளைத்த உடனே தடுக்கப்படும். ஒன்று மட்டும் ஒத்து மற்றொன்று வேறாயின் தடையில்லை. தன் செடியின் தூளில் இரண்டும் ஒத்தேயிருக்குமாதலால், தற்சேர்க்கை நடைபெறாது. உடன்பிறந்த செடிகளுக்குள்ளோ, சில தூள்கள் ஏற்கப்படும், சில தள்ளப்படும். நெருங்கிய உறவில் மணம் கூடாதென்னும் விதியை இப்புல் நம் குலப் பெரியோரினும் நுணுக்கமாகக் கடைப்பிடிக்கிறது எனலாம். எஸ் இடத்திலுள்ள ஜீனைப் பற்றிய தெளிவு 2016ஆம் ஆண்டில்தான் கிட்டியது.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெல்லில் நல்லதொரு செடியைக் கண்டால், அதன் விதையைத் தனியே எடுத்து விதைத்தால் அது தாயைப் போன்றே இருக்கும். பொறுக்கு விதையின் இரகசியம் அவ்வளவே. ரைப்புல்லில் எத்துணைச் சிறந்த செடியைக் கண்டாலும், அதன் விதையில் பாதி, காற்று கொணர்ந்த அயலான் சொத்தாகும். ஆகவே ரைப்புல்லில் ஒரு ரகம் என்பது ஒரே சாயலுள்ள செடிகளின் தொகுதியன்று. ஓர் ஊரின் மக்களைப் போன்றது. ஒருவரைப்போல் மற்றொருவர் இரார்; ஆயினும் ஊருக்கென்று ஓர் இயல்பு இருக்கும். ரைப்புல்லை இனவிருத்தி செய்வோன் தனிச் செடியைப் படைப்பதில்லை, ஓர் ஊரையே குடியமர்த்துகிறான். ஆயிரக்கணக்கான செடிகளை இடைவெளி விட்டு நட்டு, ஆண்டுகள் பல நோக்கி, சிறந்த சிலவற்றைப் பிரித்து, ஒன்றோடொன்று காற்றிற் கலக்கும்படி தனியிடத்தில் வைத்து, அவற்றின் விதையைச் சேர்த்து, மீண்டும் நட்டு, மீண்டும் பிரிப்பான். ஒரு ரகம் உழவன் கைக்குச் சேர்வதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிடும்.

ஆனால் விஞ்ஞானம் இதனைக் கையிலெடுக்கு முன்பே மனிதன் அறியாமல் ஓர் இனவிருத்தியை நடத்திவந்தான். அது பெரும்பாலும் கேடாகவே முடிந்தது. இங்கிலாந்தில் விதை தூவி வளர்த்த முதற் புல் இதுவே என்பர். 1677ஆம் ஆண்டில் வெளிவந்த ஆக்ஸ்போர்டு நாட்டு இயற்கை வரலாற்றில் ராபர்ட் பிளாட் என்பார் இதன் சாகுபடியைக் குறிப்பிட்டுள்ளார். பின்னர் ரைப்புல் விதை வியாபாரம் பெருகியது. விதைக்காக வளர்ப்போர் முதலாண்டிலேயே மிகுதியான கதிர் தரும் வயலை விரும்பினர். முதலாண்டில் மிகுதியாகக் கதிர் விடும் செடி இலையிற் குறைந்து விரைவில் மடிவது. தலைமுறைதோறும் அத்தகைய செடிகளின் விதையே மூட்டையில் ஏறியது. இவ்வாறு, பல்லாண்டுப் புல் என்ற பெயரோடு விற்கப்பட்ட விதை ஈராண்டு மூவாண்டிலே மறைந்துபோகும் தண்டுப் புல்லாயிற்று. கெண்ட் நாட்டுப் பழைய மேய்ச்சல் நிலங்களிலோ, எவரும் விதை எடுக்காமல் ஆடே காத்துவந்த ரைப்புல் இலை செறிந்து, தரையோடு படிந்து, தலைமுறை தலைமுறையாய் நிலைத்து நின்றது. ஒரே இனத்தை வணிகர் ஒருவழியும் ஆடுகள் மற்றொரு வழியுமாக இழுத்துச் சென்றமை இதனால் விளங்கும்.

இவ்வேறுபாட்டின் பொருளை நன்குணர்ந்தவருள் தலைசிறந்தவர் சர் ஜார்ஜ் ஸ்டேபிள்டன். 1882இற் பிறந்து 1960இல் மறைந்த இவர், வேல்ஸ் நாட்டு அபரிஸ்ட்வித்தில் 1919ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பயிர் இனவிருத்தி நிலையத்தின் முதல் தலைவர். வணிகரிடமிருந்து விதை வாங்குவதை விட்டு, பழைய மேய்ச்சல் நிலங்களினின்றும் செடிகளைப் பெயர்த்துக் கொணர்ந்து, பக்கத்திற் பக்கமாக நட்டு ஒப்பிட்டனர் அவரும் அவருடைய துணைவர்களும். அவருள் டி. ஜே. ஜென்கின் என்பார் ரைப்புல்லின் தற்சேர்க்கை, கலப்பு இவை பற்றிப் பொறுமையோடு ஆராய்ந்தார். 1942இல் ஸ்டேபிள்டனுக்குப் பின் அவரே தலைவரானார். அந்நிலையத்தினின்று வெளிப்போந்த எஸ். 23 என்னும் ரகம் காலந்தாழ்த்திக் கதிர் விட்டு இலை செறிந்து மேய்ச்சலுக்கு உகந்தது, எஸ். 24 முற்பட வளர்ந்து உலர்புல்லுக்கு உகந்தது. அவை பல பத்தாண்டுகள் பிரிட்டனின் புல்வெளிகளை ஆண்டன. அதே வேளையில் நியூஸிலாந்தில் புரூஸ் லெவி என்பாரும், அபரிஸ்ட்வித்தினின்று அங்குச் சென்ற வில்லியம் டேவிஸ் என்பாரும், ஹாக்ஸ் பே முதலிய கரையோர நாடுகளின் பழைய புல்வெளிகளில் நிலைத்து நிற்கும் வகை உண்டென்று கண்டு, 1920களின் இறுதியில் அவ்விதைக்கு அரசாங்க உறுதிச்சீட்டு வழங்கச் செய்தனர். உழவனுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. மூட்டையின்மேல் எழுதிய பெயரை அவன் முதன்முதலாக நம்பலாயினான்.

இதன்பின் நிகழ்ந்தவற்றுள் சிலவற்றை விரைந்து கூறிச் செல்வோம். ரைப்புல்லின் நிறக்கோல்கள் ஏழிணை, அதாவது 14. 1937இல் கோல்கிசின் என்னும் மருந்தின் ஆற்றல் வெளிப்பட்ட பின், நிறக்கோல்களை இரட்டித்து 28 உடைய வகைகளை உண்டாக்கினர். அவற்றின் இலை அகன்று சாறு மிகுந்து கால்நடைக்கு இனிதாயிற்று, ஆனால் தூர் குறைந்தது. அபரிஸ்ட்வித்தார் இலையிற் சர்க்கரை மிகுந்த ரகங்களைப் படைத்தனர். பசுவின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் புரதத்தை வீணாக்காமல் பயன்படுத்த அச்சர்க்கரை உதவும் என்பது கருத்து. அப்பயன் எல்லாப் பண்ணைகளிலும் ஒரே அளவில் தோன்றவில்லை. விம்பிள்டன் டென்னிஸ் மைதானங்கள் 2001ஆம் ஆண்டு முதல் முற்றிலும் இப்புல்லாலேயே அமைகின்றன என்பதை விளையாட்டு அன்பர்கள் அறிய விரும்புவர்.

மெண்டல் பாதிரியாரின் பட்டாணியோடு இப்புல்லுக்கு ஏற்பட்ட தொடர்பு மிகவும் சுவையுடையது. புல்வெளி ஃபெஸ்கியூ என்னும் உறவினப் புல்லில், முதிர்ந்தாலும் மஞ்சளாகாத ஒரு செடி கிடைத்தது. அப்பண்பைக் கலப்பினால் ரைப்புல்லுக்கு மாற்றி, நிறக்கோலில் அதன் இடத்தை ஆராய்ந்த அபரிஸ்ட்வித் அறிஞர், 1866இல் மெண்டல் தம் கட்டுரையில் மஞ்சள் பருப்பு, பச்சைப் பருப்பு என்று எண்ணிய வேறுபாட்டுக்குக் காரணமான ஜீனும் அதுவே என்று 2007இல் வெளியிட்டனர். மடாலயத் தோட்டத்துப் பட்டாணி எதனால் பச்சையாயிருந்தது என்பதற்கு ஆட்டுத் தீவனப் புல் விடை கூறிற்று.

இத்துணை முயற்சிக்கும் கிடைத்த பயன் யாது? ரைப்புல்லின் விளைச்சல் இனவிருத்தியால் பத்தாண்டுக்கு நூற்றுக்கு நான்கைந்து வீதமே உயர்ந்தது என்பது அறிஞர் கணக்கு. மக்காச்சோளம், கோதுமை ஆகியவற்றோடு ஒப்பிட இது சிறிது. தானியப் பயிரில் வைக்கோலைக் குறைத்து மணியைக் கூட்டலாம். புல்லிலோ முழுச் செடியுமே விளைச்சலாதலால் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்ட வழியில்லை. இக்காரணம் மெய்யே. ஆனால் இதனினும் ஆழ்ந்த காரணமொன்று இனவிருத்தி செய்வோரின் கண்ணுக்கு நெடுங்காலம் புலப்படவில்லை. தாம் ஓர் உயிரைப் பண்படுத்துவதாக அவர்கள் எண்ணியிருந்தனர். உண்மையில் அவர்கள் கையில் இரண்டு உயிர்கள் இருந்தன.

நியூஸிலாந்தில் கோடைக் கடையிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் ஆடுகளுக்கு ஒரு விந்தையான நோய் வருவதுண்டு. மந்தை அமைதியாக மேயும்போது ஒன்றும் தெரியாது. தலை சற்றே நடுங்கும், அவ்வளவே. நாய் குரைத்து விரட்டினாலோ, கால்கள் மரக்கட்டைபோல் விறைத்து, தள்ளாடி, ஆடு கீழே விழும். சில நிமிடங்கள் வாளாவிட்டால் தானே எழுந்து நடக்கும். வேறு மேய்ச்சலுக்கு மாற்றினால் சில வாரங்களில் முற்றும் தெளியும். இறந்த ஆடுகளிற் பல நோயால் இறந்தவையல்ல. தள்ளாடி நீரோடையில் விழுந்தவை. ரைப்புல் தள்ளாட்டம் என்று இதற்குப் பெயர். காரணத்தைத் தேடி மண்ணையும் நீரையும் புல்லின்மீது படியும் பூஞ்சணங்களையும் ஆராய்ந்தனர்.

விவிலியம் பயின்றோர்க்கு இங்கே ஓர் உவமை நினைவுக்கு வரலாம். மத்தேயு சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தில், பகைவன் கோதுமையினிடையே விதைத்த களை, லோலியம் டெமுலெண்டம் என்னும் புல்லாதல் கூடும் என்பது அறிஞர் பலரின் கருத்து. ரைப்புல்லுக்கு அது நெருங்கிய உறவு. கதிர் வருமட்டும் கோதுமையினின்றும் அதனைப் பிரித்தறிதல் அரிது. அறுவடை வரையில் இரண்டையும் வளரவிடும்படி எசமான் கூறியதன் நியாயம் இதனால் நன்கு விளங்கும். டெமுலெண்டம் என்னும் லத்தீன் சொல்லுக்குக் குடித்து மயங்கியது என்று பொருள்; அதன் மணி கலந்த அப்பம் உண்டவர் மயங்கித் தள்ளாடினர் என்பது பழங்காலந்தொட்டு வழங்கும் செய்தி. 1898ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் சிலர் தனித்தனியே அம்மணியை அறுத்து நுண்ணோக்கியிற் பார்த்தபோது, தோலுக்கடியில் பூஞ்சண இழைகள் பின்னியிருக்கக் கண்டனர்.

1940ஆம் ஆண்டில் நியூஸிலாந்து அறிஞர் நீல் என்பார் பல்லாண்டு ரைப்புல்லிலும் அத்தகைய பூஞ்சணம் உண்டென்று விரிவாக எழுதினார். செடி நோயுற்றதாக எவ்வகை அடையாளமும் இல்லை. ஆதலால் அச்செய்தி ஆராய்ச்சிப் பத்திரிகையிலேயே உறங்கிற்று. 1977இல் அமெரிக்காவில் பேக்கனும் அவர் துணைவரும், நெட்டை ஃபெஸ்கியூப் புல் தின்ற மாடுகள் நோயுறுவதற்கு அதனுள் வாழும் பூஞ்சணமே காரணமாகலாம் என்று கண்டனர். அதன் பின்னரே நியூஸிலாந்தார் விழித்தனர். லிங்கன் என்னுமிடத்தில் பலவகை ரைப்புல் பாத்திகளில் ஆடுகளை மேய்த்தபோது, சில பாத்திகளில் அவை தள்ளாடின, சிலவற்றில் தள்ளாடவில்லை. புல்லை எடுத்து நோக்கியபோது தள்ளாட்டம் பூஞ்சணத்தைத் தொடர்ந்தே சென்றது. ஃபிளெச்சரும் ஹார்வியும் இதனை 1981இல் வெளியிட்டனர். பூஞ்சணம் உண்டாக்கும் லோலிட்ரெம் பி என்னும் நஞ்சே நரம்பையும் தசையையும் கலக்குகிறது என்பது விரைவிலே தெளிந்தது.

இனி என்ன குறை? பூஞ்சணமில்லாத விதையை விதைத்தால் தொல்லை தீர்ந்ததன்றோ? அதற்கு வழியும் எளிது. ரைப்புல் விதையைச் சாதாரண கிடங்கில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், விதை முளைக்கும் ஆற்றலோடிருக்க, உள்ளிருக்கும் பூஞ்சணம் மட்டும் மெல்ல மடிந்துவிடும். உழவர் சிலர் அவ்வாறே விதைத்தனர். ஆடுகள் தள்ளாடவில்லை, கொழுக்கவும் செய்தன. ஆனால் ஓரிரண்டு ஆண்டுகளில், வட தீவில் சிறப்பாக, புல்லே காணாமற் போயிற்று. 1982ஆம் ஆண்டில் பிரெஸ்டிஜ் முதலியோர் காரணத்தைக் கூறினர். தென்னமெரிக்காவினின்று நியூஸிலாந்துக்கு வந்து குடியேறிய தண்டுக் கூன்வண்டு, பூஞ்சணம் உள்ள புல்லைத் தீண்டாமல் ஒதுக்கி, பூஞ்சணமற்ற புல்லில் முட்டையிடுகிறது. அதன் புழு தூரைத் துளைத்து உள்ளே அழிக்கிறது. ஆட்டைத் தள்ளாடச் செய்யும் அதே விருந்தாளி புல்லுக்குக் காவலனுமாயிருந்தான். ஆட்டைக் காத்தால் புல் போகும், புல்லைக் காத்தால் ஆடு தள்ளாடும் என்னும் தர்மசங்கடத்தில் உழவன் அகப்பட்டுக்கொண்டான்.

இந்நட்பின் நுட்பம் வியக்கத்தக்கது. இப்பூஞ்சணம் ரைப்புல்லின் வெளியே எங்கும் தலைகாட்டுவதில்லை, வித்துத் தூள் பரப்புவதில்லை, மகரந்தத்தில் ஏறுவதில்லை. தாய்ச் செடியின் விதை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறையை அடைகிறது. இலையுறையின் செல்களுக்கு இடையே மெல்லிய இழைகளாகக் கிடந்து, இலை நீளும்போது தானும் அறுபடாமல் உடன் நீள்கிறது, வேரிற் புகுவதில்லை. செடியினின்று உணவைப் பெறுகிறது. ஈடாக ஆல்கலாய்டு என்னும் கசப்புப் பொருள்களைத் தருகிறது. லோலிட்ரெம் இலையுறையின் அடியிலும் கதிரிலும் மிகுந்து நிற்கும். கோடையிற் புல் குறைந்து ஆடுகள் அடிவரை கறித்துத் தின்னும்போது தள்ளாட்டம் மிகுவதன் காரணம் இதுவே.

இச்சிக்கலை அவிழ்த்தது வேதியியலே. 1986ஆம் ஆண்டில் கூன்வண்டை விரட்டும் பொருளைத் தனியே பிரித்துப் பெராமின் என்று பெயரிட்டனர். பெராமின் வேறு, லோலிட்ரெம் வேறு; முன்னது வண்டை விரட்டும், ஆட்டுக்குத் தீங்கு செய்யாது. இரண்டையும் ஒரே பூஞ்சணம் உண்டாக்கினும், முன்னதை மட்டும் உண்டாக்கும் பூஞ்சணம் எங்கேனும் இருத்தல் கூடுமன்றோ? ரைப்புல்லின் தாயகமாகிய ஐரோப்பாவின் புல்வெளிகளினின்றும் சேர்த்த விதைகளில் அதனைத் தேடலாயினர். தக்க பூஞ்சணம் கிடைத்தால் அதனை விரும்பிய ரகத்திற் புகுத்தும் முறையை லாட்சும் கிறிஸ்டென்சனும் 1985இல் வகுத்திருந்தனர்: முளைத்துச் சில நாளே ஆன நாற்றின் குருத்தருகில் நுண்ணிய கீறலிட்டு, பூஞ்சண இழையை அதனுள் வைத்தல். நூற்றுக்கணக்கிற் கீறினால் சிலவே பற்றும். பற்றியது தலைமுறை தோறும் விதையிற் செல்லும்.

முதல் முயற்சி ஏமாற்றத்தில் முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் லோலிட்ரெம் இல்லாத பூஞ்சணம் ஒன்று எண்டோசேஃப் என்னும் பெயரோடு கடைக்கு வந்தது. அதிலே எர்கோவாலின் என்னும் வேறொரு நஞ்சு மிகுந்திருந்தமையால் அதனை விற்பனையினின்று விலக்க நேர்ந்தது. பின்னர் 2001இல் வெளிவந்த ஏ.ஆர். 1 என்பது பெராமினை உண்டாக்கி, லோலிட்ரெமையும் எர்கோவாலினையும் உண்டாக்காதது. ஆடுகள் தள்ளாடவில்லை, கூன்வண்டும் அணுகவில்லை. ஆயினும் கருவண்டுக்கும் வேரிலுறையும் அசுவுணிக்கும் எதிராக அஃது அவ்வளவு வலியுடையதன்று. 2007இல் வந்த ஏ.ஆர். 37 இவற்றையும் தடுக்கிறது. பெராமினும் லோலிட்ரெமும் இன்றி, ஜாந்திட்ரெம் என்னும் வேறு வகைப் பொருள்களை உண்டாக்குகிறது. ஆனால் அதனைத் தின்ற ஆடுகள் சில வேளை சிறிது தள்ளாடுவதுண்டு. குற்றமற்ற காவலன் இன்னும் அகப்படவில்லை. எந்நாட்டுப் பூச்சிக்கு எப்பூஞ்சணம் என்று உழவன் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வுண்மை வெளிப்பட்டபின், பழைய ஆராய்ச்சிகளையும் மறுமுறை நோக்க வேண்டியதாயிற்று. இரண்டு ரகங்களை அடுத்தடுத்து விதைத்து, ஒன்று நிலைத்தது, மற்றொன்று அழிந்தது என்று எழுதிவைத்த கணக்குகள் பல. நிலைத்தது புதுவிதையாயும் அழிந்தது கிடங்கிற் பழகிய விதையாயும் இருந்தால், அங்கே சோதிக்கப்பட்டது புல்லன்று, பூஞ்சணமே. நியூஸிலாந்தின் பழைய புல்வெளிகளில் நிலைத்து நின்ற செடிகளின் புகழிலும் அவ்விருந்தாளிக்கு ஒரு பங்கு இருந்திருக்கும் என்றே கருதுகிறோம். ஸ்டேபிள்டன் காலத்தவரின் கண் கூர்மையில் குறையில்லை. அவர்கள் நோக்கிய செடிக்குள் மற்றொன்று ஒளிந்திருந்தது. தந்தை வழியாக வாராமல் தாய் வழியாக மட்டும் வரும் பண்பொன்று கலப்பில் தோன்றினால், இக்கால அறிஞன் முதலில் இலையுறையைச் சீவிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைக்கிறான்.

2021ஆம் ஆண்டில் கைஸ் என்று பெயரிட்ட ஒரு ரைப்புல் செடியின் ஜீன் தொகுதி முழுமையை அண்டிய நிலையில் வாசித்து வெளியிடப்பட்டது. இளநாற்றின் இலையிலிருந்தே அதன் வருங்காலப் பயனை மதிப்பிடும் முறையைப் பல நிலையங்கள் கையாளத் தொடங்கியுள்ளன. பத்தாண்டு காத்திருந்த வேலையைச் சில ஆண்டுகளில் முடிக்கலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. தற்சேர்க்கையைத் தடுக்கும் எஸ், இஸட் இடங்களையே கருவியாகக் கொண்டு, மக்காச்சோளத்திற்போல் வீரியக் கலப்பினம் காணவும் முயல்கின்றனர். அபரிஸ்ட்வித் நிலையம் 2008 முதல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக நின்று பணியைத் தொடர்கிறது.

நியூஸிலாந்தில் இன்று விற்கப்படும் ரைப்புல் விதை மூட்டையின்மேல் இரண்டு பெயர்கள் இருக்கும். முதலது புல்லின் பெயர், அடுத்தது அதனுள் வாழும் பூஞ்சணத்தின் பெயர். விதையில் எத்தனை வீதம் உயிருள்ள பூஞ்சணம் உண்டென்பதையும் சோதித்தறிகின்றனர். அம்மூட்டைகளைக் குளிர்ந்த, உலர்ந்த கிடங்குகளில் வைக்கின்றனர். விதைக்கு அத்துணைக் குளிர்ச்சி தேவையில்லை, உள்ளிருக்கும் விருந்தாளிக்கே தேவை.